எங்கள் பக்கம் சாய்ந்த துவக்குக் கணக்கு

சமாசத்தில் ஊடகப் பொறுப்பை ஏற்றிருக்கும் பிள்ளைகளுக்கு,

போன கிழமை நீங்கள் என்னை அழைத்திருந்த கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, எங்களைப் பற்றிப் பிழையாச் செய்தி போட்டா முதல்லை என்ன செய்யவேணும்?" அன்றைக்கு நேரம் போதவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுப்பறிக்கையை எப்படி எழுதுவது, செய்தி ஆசிரியரை எந்த நேரத்தில் பிடிக்கலாம் என்பதையெல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்கள். எங்களுக்கு எதிராகப் பொய் வந்தால் யாருக்குமே ரோசம் வரும். மறுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு உதவி செய்வது போல ஒரு பொய் வந்து வாசலில் நின்ற கதையைத்தான் நான் எழுதப் போகிறேன்.

நான் உரும்பிராய்ச் செம்மண்ணில் தோட்டம் செய்த குடும்பத்தவன். கடற்றொழிலாளர் சங்கங்களின் சமாசத்துக்கு முகாமையாளராக வந்த புதிதில் ஒரு வலைக்கும் இன்னொரு வலைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. "செம்மண் மனேச்சர்" என்று பகிடி பண்ணுவார்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அங்கே பல தலைவர்களோடு வேலை செய்தேன். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரைப் பற்றியதுதான் இது. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தலைவர் என்றே சொல்கிறேன்.

கீரிமலைக்குக் கிழக்கே ஒரு கரையைச் சேர்ந்தவர். என்னை "அண்ணை" என்பார். நான் அலுவலகத்தில் "தலைவர்" என்றும் தனியே இருக்கும்போது "தம்பி" என்றும் கூப்பிடுவேன். கூட்டங்களில் அவர் அதிகம் கதைப்பதில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரச் சுணங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மனிதருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பருவத்தில் இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போனதால் எங்கள் கரைகளில் அழாத வீடில்லை. தலைவரின் வலையும் போயிருந்தது. விடியப்புறம் மச்சானோடு வலை இழுக்கப் போனவருக்குக் கிடைத்தது மிதப்புகளும் அறுந்த கயிற்றுத் துண்டுகளும்தான். கரைக்கு வந்து படகை ஏற்றி வைத்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு, சமாசக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வலை போன கதையை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. மச்சான் சொல்லித்தான் தெரியும்.

இழுவைப் படகுகளுக்கு எதிராக யாழ்ப்பாண நகரில் ஒரு பெரிய ஆர்ப்பாட்டம் நடத்துவதென்று முடிவாகியிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அந்தச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி, வடக்கில் பிடிபடும் சட்டவிரோதத் துப்பாக்கிகளில், எங்கள் பேச்சில் துவக்குகளில், பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கடல் வழியாகக் கடத்தி வரப்பட்டவை என்று முதற்செய்தியாகச் சொன்னது. அதற்கொரு விழுக்காடும் சொன்னது. அந்த விழுக்காட்டை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கதை முழுவதையும் மறந்துவிட்டு அதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்திருப்பீர்கள். எண்ணுக்கு அந்தக் குணம் உண்டு. செய்தி ஓடும்போது திரையில் காட்டிய படம் துவக்கு அல்ல. ஒரு இழுவைப் படகு. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றும் அதே விழுக்காட்டை முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது.

அன்று நடந்த நிர்வாகக் குழுக் கூட்டம் கலியாண வீடு போல இருந்தது. உப தலைவர் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்திருந்தார். பல படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. கரையில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

"இத்தினை வருசமா வலை அறுந்தது, வலை அறுந்தது எண்டு கத்தினம். கொழும்பிலை ஒருத்தர் திரும்பிப் பாக்கேல்லை," என்றார். "இப்ப துவக்கு எண்ட உடனை முழு நாடும் இஞ்சை பாக்குது. இதைக் கடவுள் தந்தது எண்டுதான் நான் சொல்லுவன். பனரிலை அடிப்பம். பெரிசா அடிப்பம்."

எல்லோரும் ஓம் என்றார்கள். தலைவர் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "உது எல்லாத் துவக்கையும் எண்ணிச் சொன்ன கணக்கோ?" என்று கேட்டார்.

"பொலிஸ் சொன்னது. பொலிஸுக்குத் தெரியாதே?" என்றார் உப தலைவர்.

"தெரிஞ்சிருக்கும். அவை என்ன சொன்னவை எண்டுதான் கேக்கிறன்."

எங்கள் கணக்காளர் சுகன்யா புத்தளத்தில் வளர்ந்தவர். சிங்களம் அவருக்குத் தமிழைப் போல. பொலிஸ் அதிகாரி ஊடகங்களுக்குப் பேசிய காணொளி இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்தது. அதைச் சுகன்யா தன் கைப்பேசியில் போட்டு மேசை நடுவே வைத்தார். ஒருமுறை கேட்டார். திருப்பிப் போட்டுக் கேட்டார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"இவர் பிடிபட்ட துவக்குகள் எண்டு சொல்லேல்லை," என்றார் சுகன்யா. "எங்கை செய்தது எண்டு பாக்கிறதுக்கு அனுப்பின துவக்குகள் எண்டு சொல்லுறார். வெளிநாட்டு அடையாளம் இருக்கிறதைத்தான் அனுப்புறது எண்டும் சொல்லுறார். உள்ளூரிலை செய்த நாட்டுத் துவக்கு, யுத்த காலத்திலை தாட்டு வைச்சுக் கிண்டி எடுத்தது, துருப்பிடிச்சது ஒண்டும் அந்தக் கணக்கிலை இல்லை."

உப தலைவருக்கு விளங்கவில்லையா, விளங்க விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "அதுக்கென்ன?" என்றார்.

"ஐயா, கரையிலை கிடக்கிற மீனிலை பாரையை மட்டும் பொறுக்கி ஒரு கூடையிலை போட்டிட்டு, கூடை முழுக்கப் பாரை, அப்ப கடல் முழுக்கவும் பாரைதான் எண்டு சொல்லுறது மாதிரி இது."

யாரோ சிரித்தார்கள். சுகன்யா சிரிக்கவில்லை. "இன்னுமொண்டு. வெளிநாடு எண்டுதான் சொன்னவர். இந்தியா எண்டோ, கடலாலை எண்டோ அவரின்ரை வாயிலை வரேல்லை."

பிறகு உப தலைவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "பிள்ளை, நீர் கெட்டிக்காரி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உது எங்கடை வேலையோ? பிழை விட்டது அவங்கள். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை. அவங்கள் சொன்னதை எடுத்துப் பனரிலை அடிக்கிறம், அவ்வளவுதான்."

இளையவர்களே, இந்த வாதத்தைக் கவனமாகப் பாருங்கள். இதில் பிழை கண்டுபிடிப்பது லேசல்ல. எனக்கு அன்று முடியவில்லை.

தலைவர் முடிவு எதுவும் சொல்லவில்லை. பதாகை அடிப்பதை ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார். என்னைத் தொலைக்காட்சியோடு பேசித் திருத்தம் கேட்கச் சொன்னார். கேட்டேன். செய்திப் பிரிவில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எண்ணிக்கை பொலிஸார் தந்தது, தாங்கள் சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை என்றார். சேர்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார். அந்தச் சொல்லின் அர்த்தம் உங்களுக்கும் விரைவில் பழகும்.

அடுத்த நாள் அவர்களே அழைத்தார்கள், திருத்தத்துக்காக அல்ல. அன்று மாலை நேரடி நிகழ்ச்சியில் தலைவரைப் பேட்டி காண வேண்டும். வலை அறுபட்ட ஒரு மீனவராக அவர் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சமாசத்தின் சரித்திரத்தில் கொழும்பு ஊடகம் ஒன்று எங்களைத் தேடி அழைத்தது அதுதான் முதல் தடவை. ஆர்ப்பாட்டத்துக்கு முதல் நாள் மாலை. நாடு முழுவதும் பார்க்கும். செய்தி கேள்விப்பட்டு உப தலைவர் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார்.

"தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன். போய் வலையைப் பற்றிக் கதை. துவக்கைப் பற்றிக் கேட்டா ஓம் எண்டும் சொல்லாதை, இல்லையெண்டும் சொல்லாதை. மிச்சத்தைச் சனம் விளங்கிக்கொள்ளும்."

எனக்கும் நடுவழி ஒன்று தோன்றியது. பேட்டியில் வலையைப் பற்றி மட்டும் கதைப்பது, ஆர்ப்பாட்டம் முடிந்த பிறகு திருத்தத்தைக் கேட்டு வற்புறுத்துவது. பொய்யும் சொல்லவில்லை, சந்தர்ப்பமும் போகவில்லை. அதைத் தலைவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சுணங்கினார்.

"பிறகு சொன்னா அது பிறகு சொன்னதுதான் அண்ணை," என்றார். "வாங்கோ, போவம்."

தொலைக்காட்சியின் யாழ்ப்பாணக் கலையகம் ஒரு மாடிவீட்டின் மேல் அறை. கொழும்பிலிருந்து நெறியாளர் கேள்வி கேட்பார். இவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நான் கமராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தேன். அவருடைய சேட்டின் மேல் தெறி பூட்டாமல் கிடந்தது. சைகை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

முதல் கேள்விகள் வலையைப் பற்றி. நன்றாகச் சொன்னார். அறுந்த கயிறு, கடன், பள்ளிக்கூடத்தால் பிள்ளைகளை நிற்பாட்டிய குடும்பங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, கமராவைப் பிடித்திருந்தவர்கூட அசையாமல் நின்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்கள் வலைகளை அறுக்கும் படகுகளில் ஆயுதங்களும் வருவதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?"

"காணேல்லை."

"கேள்விப்பட்டாவது இருப்பீர்கள்."

"உங்கடை செய்தியிலைதான் கேள்விப்பட்டனான்."

நெறியாளர் மெல்லச் சிரித்தது அந்த அறையில் இருந்த சிறிய திரையில் தெரிந்தது. "பொலிஸாரே எண்ணிக்கையோடு சொல்லியிருக்கிறார்களே?"

தலைவர் சுணங்கினார். நேரடி ஒளிபரப்பில் அந்தச் சுணக்கம் எவ்வளவு நீளமானது என்பதை நீங்கள் ஸ்டூலில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நெறியாளர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்துவிட்டார். அப்போது இவர் தொடங்கினார்.

"அந்தப் பொலிஸ் அதிகாரி கதைச்சதை நாங்கள் திருப்பித் திருப்பிக் கேட்டம். சோதிக்க அனுப்பின துவக்கைப் பற்றித்தான் அவர் சொன்னவர். அனுப்பினதே வெளிநாட்டு அடையாளம் இருந்ததை. பாரையைப் பொறுக்கிக் கூடையிலை போட்டா, கூடையிலை பாரைதானே இருக்கும்? பிடிபட்டது மொத்தம் எத்தினை, அனுப்பினது எத்தினை எண்டு உங்கடை செய்தியிலை இல்லை. இந்தியா எண்டு அவர் சொல்லேல்லை. கடலாலை எண்டும் சொல்லேல்லை. அது ரெண்டையும் நீங்கள் சேத்தனீங்கள். இழுவைப் படகின்ரை படத்தையும் நீங்கள்தான் போட்டனீங்கள்."

"அப்படியானால் இந்திய இழுவைப் படகுகளுக்கு ஆதரவாகப் பேசுகிறீர்களா?"

"இல்லை. அவை என்ரை வலையை அறுத்தவை. அதுக்கு நியாயம் வேணும், நாளைக்கு அதைக் கேக்கத்தான் ரோட்டிலை இறங்கிறம். அவை செய்ததுக்கு நியாயம் கேப்பன். செய்தவையோ எண்டு எனக்குத் தெரியாததுக்குக் கேக்க மாட்டன்."

நெறியாளர் விளம்பர இடைவேளை என்றார். இடைவேளைக்குப் பிறகு வேறொருவரோடு வேறொரு விடயம் பேசினார்கள். கமராக்காரர் தலைவரின் காதிலிருந்து கருவியைக் கழற்றியபோது, "அண்ணை, நல்லாக் கதைச்சியள்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வெளியே வந்த பிறகுதான் தலைவர் சேட்டின் மேல் தெறியைப் பூட்டினார். வழியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். அங்கேதான் அவர் கூட்டத்தில் சொல்லாத காரணத்தைச் சொன்னார்.

"அண்ணை, என்ரை வலையை அறுத்தவங்களை எனக்குத் தெரியும். முகம் தெரியும். ஒருநாள் கிட்டக் கண்டனான். அதுவும் கூலிக்கு வந்த பெடியள்தான், முதலாளி கரையிலை இருக்கிறான். அந்தப் பெடியனை வலை அறுத்தவன் எண்டு சொன்னா வழக்குப் போடுவினம், படகைப் பிடிப்பினம். துவக்குக் கடத்தினவன் எண்டு சொன்னா, நாளைக்கு இருட்டுக்கை ஆரும் கேள்வி கேக்காமல் சுடுவினம். அப்பிடி ஒருத்தன் செத்தா, அந்தப் பனரை அடிச்சது நாங்கள்."

வலை இழந்த மனிதர், வலை அறுத்தவனின் உயிரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அதன் விலையையும் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இது சாமி கதையாகிவிடும். மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்கு எதிர்பார்த்த சனம் வரவில்லை. இரண்டு கரைச் சங்கங்கள் வர மறுத்துவிட்டன. கொழும்புக் கமராக்கள் எதுவும் வரவில்லை. "உவன் ஆற்றை ஆள், ஆருக்கு வேலை செய்யிறான்?" என்று உப தலைவர் பலர் முன்னிலையில் கேட்டதாக எனக்குச் சொன்னார்கள். மீன் ஏலம் கூறும் இடத்தில் தலைவர் வந்தால் கதை நின்றது. தொலைக்காட்சி இரண்டு நாள் கழித்து, கிரிக்கெட்டுக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு வரியில் விளக்கம் சொன்னது. பத்திரிகை உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டது. நானும் சுகன்யாவும் விடாமல் அழைத்து அழைத்துப் பெற்ற பலன் அவ்வளவுதான். அந்த விழுக்காடு அதற்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. நாடாளுமன்றத்தில்கூட யாரோ அதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

சில மாதங்கள் போயின. ஒரு விடியலில் கரைக்கு வந்த எங்கள் படகுகளை மறித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். துவக்கு கடலால் வருகிறதென்றால், இந்தக் கரையில் அதை வாங்குபவர் யார்? பாதுகாப்புத் தரப்பினருக்கு இயல்பாக வந்த அடுத்த கேள்வி அதுதான். ஒவ்வொரு படகாக, ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டிக் கிளறினார்கள். ஐஸ் கரைந்தது. வெயில் ஏறியது. மீன் வாங்க வந்த லொறிகள் வெறுமையாகத் திரும்பின. உப தலைவரின் படகுகள் பல என்பதால் அவருக்குத்தான் கூடுதல் நட்டம்.

அதைப் பற்றிப் பேச மாவட்ட நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்தது. தலைவர், உப தலைவர், சுகன்யா, நான் என்று நாலு பேர் போனோம். எதிரே பாதுகாப்புத் தரப்பின் ஓர் உயர் அதிகாரி. மேசைத் தலைப்பில் நிர்வாகத்தின் மூத்த அதிகாரியான ஓர் அம்மா. உயர் அதிகாரி கடுமையானவரல்லர். சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார், சுகன்யா எங்களுக்குத் தமிழில் சொன்னார்: ஆயுதம் கடலால் வருகிறதென்று ஊரே சொல்கிறது, நாங்கள் சோதிக்காமல் இருக்க முடியுமா?

தலைவர், அந்தக் கணக்கு பிழை என்றார். ஏன் பிழை என்றும் சொன்னார்; சுகன்யா அதைச் சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "இப்போது உங்களுக்கு நட்டம் வருகிறது. அதனால் பிழை என்கிறீர்கள். எந்தச் சங்கமும் அப்படித்தான் சொல்லும்."

நியாயமான சந்தேகம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் அந்த அம்மா பேசினார். அதிகாரிக்காகச் சிங்களத்திலேயே பேசினார். சுகன்யா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எங்கள் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"அண்டைக்கு ரீவியிலை இவர் கதைச்சதை அம்மா பாத்தவவாம். நாளைக்கு ஆர்ப்பாட்டத்தை வைச்சுக்கொண்டு இப்பிடிக் கதைக்கிற இந்த மனுசனுக்கு என்ன விசரோ எண்டு யோசிச்சவவாம். இந்தக் கணக்காலை லாபம் வர இருந்த நேரத்திலேயே வேண்டாம் எண்டு சொன்ன ஆள், நட்டத்துக்குப் பயந்து இப்ப புதுசாச் சொல்லேல்லை எண்டு சொல்லுறா."

அதிகாரி தலைவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேட்டியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சுகன்யா கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தார். தமிழ் விளங்காவிட்டாலும் முழுவதையும் பார்த்தார். நடுநடுவே அம்மாவிடம் அர்த்தம் கேட்டார்.

சோதனை அடியோடு நிற்கவில்லை. ஆனால் எல்லாப் படகையும் மறிப்பது நின்றது. சந்தேகம் இருந்தால் மட்டும், அதுவும் மீனை இறக்கிய பிறகு என்று முடிவானது. லொறிகள் திரும்பி வந்தன. அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் உப தலைவர் தலைமைக்குப் போட்டியிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் எழுந்து, "இவரே இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மாவட்ட நிர்வாகத்தின் கூட்டம் முடிந்து படியிறங்கும்போதே நான் தலைவரிடம் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லும். ஒருநாள் உது எங்கடை பக்கம் திரும்பும் எண்டு அண்டைக்கே உமக்குத் தெரியுமோ?"

வழக்கமான சுணக்கம். படி முழுவதும் இறங்கி, வெளி வாசலுக்கும் வந்துவிட்டோம்.

"இல்லை அண்ணை," என்றார். "தெரிஞ்சிருந்தா அது கெட்டித்தனம் எல்லோ? எனக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். அந்தக் கேள்விக்கு ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

இவ்வளவு காலம் நான் ஊடகங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எத்தனையோ கெட்டிக்காரர்களைக் கண்டிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் கெட்டித்தனங்களும் சில உண்டு, கேட்டால் சொல்வேன். ஆனால் ஒருநாள் உங்களுக்குச் சாதகமான ஒரு பொய் வந்து நிற்கும். எல்லோரும் உங்களைச் சுற்றி நின்று ஓம் என்று சொல்லச் சொல்வார்கள். அப்போது உங்களுக்கும் வாய் வராமல் போகட்டும்.